லாரிக்கு மாற்று டர்போ வாங்குவோர் அறிய வேண்டுவன

கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் பிறந்தோர்க்குக் காற்று புதிய உறவன்று. பாய்மரம் விரித்துக் காற்றைப் பிடித்து, வங்கக் கடலைக் கடந்து மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் துணிப் பொதிகளைக் கொண்டு சென்ற மரக்காயர்களின் கரை இது. எந்தத் திங்களில் எந்தத் திசைக் காற்று எழும், எப்போது அடங்கும் என்று கணித்து அதற்கேற்பக் கலம் செலுத்தியே அவர்கள் பொருள் ஈட்டினர்.

இக்கட்டுரையும் காற்றைப் பற்றியதே. ஆனால் கடற்காற்றைப் பற்றியதன்று; டீசல் லாரியின் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ சார்ஜர் என்னும் சிறு கருவியைப் பற்றியது. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போருள் லாரி உரிமையாளர், ஓட்டுநர், பட்டறைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர். அவர்களுடைய வீட்டு அடுப்பும் கல்லூரிக் கட்டணமும் அந்த எஞ்சினை நம்பியே இருக்கின்றன. அத்தகைய பொருளைத் தமிழில் தெளிவாக எழுத இயலாதெனில் நாம் வளர்க்கும் தமிழ் மேடைத் தமிழாகவே நின்றுவிடும்.

பெயர் பற்றி ஒரு சொல். இதனைச் ‘சுழலூட்டி’ என்று தமிழில் அழைக்கலாம். சுழன்று காற்றை ஊட்டுவதால் பொருத்தமும் உண்டு. ஆயினும் உதிரி உறுப்புக் கடையில் போய்ச் சுழலூட்டி வேண்டும் என்றால் ஒருவரும் எடுத்துத் தரமாட்டார். தொழிலில் வழங்கும் பெயர் ‘டர்போ’ என்பதே. பணம் கொடுத்துப் பொருள் வாங்கும் இடத்தில் பெயர்க் குழப்பம் கூடாது. ஆதலின் இக்கட்டுரை முழுவதும் டர்போ என்றே எழுதுகிறேன். தமிழறிஞர்கள் பொறுத்தருள்க.

என் தாய்மாமா கடலூர் முதுநகரில் ஒரே ஒரு லாரி வைத்துத் தொழில் செய்தவர். துறைமுகத்தில் மீன் ஏற்றிக் கேரளத்துக்குக் கொண்டு செல்வதே அவருடைய முதன்மையான வருவாய். லாரிக் கடன் தீரப் பதினான்கு தவணைகள் இருந்த காலத்தில், ஒரு நாள் திரும்பி வரும் வழியில் மேட்டில் வண்டி இழுக்கவில்லை. பின்னால் நீலப்புகை எழுந்தது. வழியில் பார்த்த மெக்கானிக், டர்போ போய்விட்டது என்று ஒரே சொல்லில் தீர்ப்புரைத்தார். மாமா மறுநாளே வேறோர் ஊரில் ஒரு கடையில் மாற்று டர்போ வாங்கினார். புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். பில் இல்லை. ‘கம்பெனிப் பொருள்தான், பெட்டிதான் இல்லை’ என்றனர். பழைய டர்போவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தனர். போல்ட்டுத் துளைகள் பொருந்தின. வேறெதுவும் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் இரவு. பழையாறு துறையில் நான்கு டன் மீன் ஏற்றிக்கொண்டு வந்த வண்டி, கொள்ளிடப் பாலம் கடந்து சிதம்பரத்தை நெருங்கும்போது ஒரு கீச்சொலி எழுந்தது. அதனையடுத்து எஞ்சின் தானாகவே உறுமத் தொடங்கிற்று. ஓட்டுநர் சாவியை அணைத்தார், எஞ்சின் அணையவில்லை, உறுமல் மேலும் ஏறிற்று. ஊரே மறையுமளவு வெண்ணீலப் புகை. கிளீனர் பையன் காற்றுக் குழாயை வெறுங்கையால் அடைக்க ஓடினான். ஓட்டுநர் அனுபவசாலி, அவனை அதட்டி நிறுத்திவிட்டு, உயர் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக் கிளட்சை விட்டார். எஞ்சின் குலுங்கி நின்றது. மீனை வேறு லாரிக்கு மாற்றி அனுப்புவதற்குள் பனிக்கட்டி பாதி கரைந்து, சரக்கின் விலையும் பாதியாயிற்று. கிளீனர் பையனின் கை தப்பியதுதான் அந்த இரவின் ஒரே ஆதாயம்.

சாவியை அணைத்த பின்னும் எஞ்சின் ஓடியது எவ்வாறு? இதனை விளங்கிக்கொண்டால் டர்போவையே விளங்கிக்கொண்டதாகும்.

டீசல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்றுத் தேவை. கன அளவில் அது 10 கன மீட்டர், அதாவது ஒரு சிறிய அறை நிறையும் காற்று. இஃது எட்டிலிருந்து ஒன்றும் மிச்சமில்லாத கணக்கு. நடைமுறையில் டீசல் எஞ்சினுக்கு இதைவிடக் கூடுதலாகவே காற்று வேண்டும். டர்போ இல்லாத பழைய எஞ்சின் தன் பிஸ்டன் இறங்கும்போது எவ்வளவு காற்று தானாக உள்ளே வருகிறதோ அவ்வளவைத்தான் பெறும். காற்றுக்கு மேல் டீசலைக் கொட்டினால் அது கரும்புகையாக வெளியேறுமேயன்றி இழுவையாகாது. ஆகவே எஞ்சினின் ஆற்றலுக்கு எல்லை கட்டுவது டீசலன்று, காற்றே.

மறுபுறம், எரிந்த டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையோடு சைலன்சர் வழியே வீணாகிறது. இந்த வீண்புகையைக் கொண்டே காற்றைத் திணிக்கலாம் என்று கண்டவர் ஆல்பிரட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர். 1905ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை கோரினார். ஒரு தண்டின் ஒரு முனையில் புகை மோதிச் சுழலும் சக்கரம். மறுமுனையில் காற்றை உறிஞ்சி அழுத்தும் சக்கரம். புகை ஒன்றைச் சுழற்ற, தண்டு மற்றொன்றைச் சுழற்றும். இவ்வளவுதான் டர்போ. கருத்து எளிது, செய்து முடிக்க இருபது ஆண்டுகள் ஆயின. 1925இல் அவருடைய முறை கப்பல் எஞ்சின்களில் வெற்றி பெற்று, அதே எஞ்சினின் ஆற்றலை ஏறத்தாழ 40 விழுக்காடு கூட்டியது. இடையே 1918இல், அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவர் 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் மலையுச்சிக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டு சென்று, காற்று மெலிந்த அவ்விடத்தில் டர்போ எஞ்சினின் இழந்த வலிமையை மீட்டுத் தருவதைக் காட்டினார். 1938இல் சுவிட்சர்லாந்தின் சாரர் நிறுவனம் லாரிக்கு டர்போவைக் கொண்டுவந்தது.

நம் நாட்டிற்கு அது வெகு தாமதமாகவே வந்து சேர்ந்தது. 1954 முதல் 1969 வரை ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கூட்டுறவில் டாடா நிறுவனம் லாரி செய்தது. அதனால்தான் முதியோர் இன்றும் பழைய டாடா லாரியைப் ‘பென்ஸ் வண்டி’ என்கின்றனர். அந்த வண்டிகளுக்கும், எண்ணூரில் உருவான அசோக் லேலண்டின் பழைய வண்டிகளுக்கும் டர்போ கிடையாது. மேடு வந்தால் கரும்புகை கக்கி ஆமை போல் ஏறும். 1982இல் ஜெர்மானியத் தொழில்நுட்பக் கூட்டுறவோடு டர்போ எனர்ஜி நிறுவனம் தமிழ்நாட்டிலேயே தோன்றியது. 1993இல் டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஏற்பட்டபின் டர்போ எஞ்சின் லாரிகள் பெருகின. 2000ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அடுத்தடுத்து இறுகின. பாரத் நிலை மூன்று 2010இலும், நான்கு 2017இலும், ஆறு 2020 ஏப்ரலிலும் நாடு முழுமைக்கும் வந்தன. ஐந்தாம் நிலையைத் தாண்டிக் குதித்துவிட்டனர். டர்போ இல்லாமல் இவ்விதிகளை லாரி எஞ்சின் நிறைவேற்ற இயலாது என்ற நிலை வந்தபின் அஃது ஆடம்பரமாக இருந்த காலம் முடிந்தது.

இப்போது கருவியின் உள்ளே பார்ப்போம். லாரி டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுழலும். ஒரு நொடிக்கு ஆயிரத்து அறுநூறு சுற்றுக்கு மேல். ஒரு பக்கம் 600 அல்லது 700 பாகை செல்சியஸ் சூட்டில் புகை. ஒரு சாண் தள்ளி மறுபக்கம் வெளிக்காற்று. புகைப் பக்கச் சக்கரம் நிக்கல் கலவை உலோகத்தாலானது. சாதாரண இரும்பு அச்சூட்டில் அச்சுழற்சிக்கு நிற்காது. (இரும்பு என்றதும் நினைவு வருகிறது: 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சேலத்துத் தாதுவைக் கொண்டு நம் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். நம் மண்ணுக்கு உலோகத் தொழில் அயலன்று.) காற்றுப் பக்கச் சக்கரம் அலுமினியம். இத்தண்டு பால்பேரிங் மீது ஓடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலான லாரி டர்போக்களில் அவ்வாறில்லை. அது மிதக்கும் புஷ்களுக்குள், ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்பி நிற்கும் ஆயிலே டர்போவின் உயிர். சில நொடிகள் ஆயில் வரத் தவறினாலும் உலோகத்தோடு உலோகம் உரசும். ஆயிலில் மணல் நுண்துகள் கலந்து வந்தாலும் அதே கதி.

மாமாவின் வண்டியில் நடந்தது இதுவே. புஷ் தேய்ந்து தண்டு ஆடியது; ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வளையங்கள் பயனற்றுப் போயின; எஞ்சின் ஆயில் காற்றுப் பக்கம் வழிந்து எஞ்சினுக்குள்ளேயே போயிற்று. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே எரியும். டீசல் வரத்தைச் சாவி நிறுத்தலாம். உள்ளே வந்துகொண்டிருக்கும் ஆயிலைச் சாவி எங்ஙனம் நிறுத்தும்? எஞ்சின் தன் இரத்தத்தைத் தானே குடித்து ஓடுகிறது. இந்நிலையில் செய்யத்தக்கது, ஓட்டுநர் செய்ததைப் போலக் கியரில் திணறடித்து நிறுத்துவது. அல்லது கட்டைப் பலகை போன்ற உறுதியான பொருளால் காற்று நுழைவாயை மூடுவது. கையாலோ துணியாலோ மூட முயல்வது பேராபத்து. உறிஞ்சும் விசை துணியை மட்டும் இழுத்துக்கொள்ளாது. முடியாதெனில் எட்டி நிற்பதே அறிவு.

மறுநாள் வண்டியைச் சிதம்பரத்தில் ஒரு முதிய மேஸ்திரியின் பட்டறைக்கு இழுத்துச் சென்றனர். நானும் உடனிருந்தேன். அடுத்த டர்போவை எங்கே வாங்கலாம் என்று மாமா தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி கைகளைத் துடைத்தபடி, “பாய், புதுசு வாங்குறது இருக்கட்டும். பழசு ஏன் செத்ததுன்னு யாராவது பாத்தீங்களா?” என்றார். ஒருவரும் பார்க்கவில்லை. அவர் டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் சிறு குழாயைக் கழற்றி, வாளால் நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். உட்புறம் முழுவதும் கரி. நடுவில் எஞ்சியிருந்த வழியில் வேப்பங்குச்சி கூட நுழையாது. முதல் டர்போவைக் கொன்றது அக்குழாய். இரண்டாவதைக் கொன்றதும் அதே குழாய். பில்லில்லாத அந்தப் போலிப் பொருளை நான் நெடுநாள் குறை கூறிக்கொண்டிருந்தேன். ஆனால் நேர்மையாகச் சொல்வதானால், அன்று அசல் டர்போவையே பூட்டியிருந்தாலும் அந்தக் குழாயோடு அதுவும் சில வாரங்களே வாழ்ந்திருக்கும்.

ஆகவே வாங்கும் முன் செய்ய வேண்டிய முதற்காரியம், டர்போ உண்மையிலேயே போயிற்றா, போயிருந்தால் ஏன் போயிற்று என்று அறிவது. இழுவை குறைந்து கரும்புகை வந்தால் காற்று போதவில்லை என்று பொருள். அதற்கு டர்போதான் காரணமாக வேண்டும் என்பதில்லை. ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம். சில நூறு ரூபாய் ஹோஸில் முடிய வேண்டியது பல ஆயிரம் ரூபாய் டர்போவில் முடிந்த கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். அப்போதும் டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கும் திரும்புகுழாய் அடைத்திருக்கிறதா, எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடிய வழியில்லாத ஆயில் நல்ல டர்போவின் வளையங்களையும் தாண்டி வழியும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்த எஞ்சினும் நீலப்புகை விடும். அதற்கு டர்போ மாற்றுவது தலைவலிக்குக் காலில் மருந்து பூசுவதை ஒக்கும்.

டர்போவையே சோதிப்பது கடினமன்று. எஞ்சின் நன்கு ஆறிய பிறகு காற்றுப் பக்க ஹோஸைக் கழற்றித் தண்டின் முனையை விரலால் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மிதக்கும் புஷ் அப்படித்தான். அதைக் கண்டு அஞ்சி நல்ல டர்போவைக் கழற்றி எறிந்தோர் உண்டு. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியும் அளவு இருக்கக் கூடாது. சக்கரம் சுற்றுச்சுவரை உரசினாலோ, இதழ்கள் முறிந்தோ வளைந்தோ இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். இதழ்களின் முனைகள் மழுங்கித் தேய்ந்திருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது என்று பொருள். ஏர் கிளீனரிலோ அதன் குழாயிலோ பொத்தல் இருக்கும். நெய்வேலிச் சாம்பல், ஆற்று மணல், செங்கற்சூளை மண் ஏற்றும் நம் மாவட்ட வண்டிகளில் இது மிகுதி.

இனி வாங்குவது. துளை பொருந்தினால் போதும் என்பதே பெருந்தவறு. ஒரே எஞ்சின் குடும்பத்தில் பல ஆற்றல் அளவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் டர்போவின் உள்ளளவு வேறு. வெளித்தோற்றமும் துளைகளும் ஒன்றாகவே இருக்கும். சக்கரத்தின் அளவும், புகை வரும் நத்தைக்கூட்டின் குறுகலும் வேறாயிருக்கும். பெரிதாகப் போனால் வண்டி கிளம்பும்போது இழுவை இராது, கரும்புகைதான். சிறிதாகப் போனால் தண்டு அளவுக்கு மீறிச் சுழன்று அழியும், எஞ்சினும் சூடேறும். டர்போவின் உடலில் ஒரு சிறு தகடு இருக்கும். அதிலுள்ள பாக எண்ணே அதன் சாதகம். கழற்றியவுடன் கம்பித் தூரிகையால் தேய்த்துவிடாமல், மண்ணெண்ணெயால் துடைத்து அவ்வெண்ணைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தகடு இல்லையேல், அல்லது முன்னர் யாரோ மாற்றிய டர்போ என்ற ஐயம் இருந்தால், எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கொண்டு போய் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் சரியான பாக எண்ணைக் கேட்டறியலாம். மாமாவின் வண்டியில் இருந்த தகட்டில் பெயின்ட் அடித்திருந்தது; சேசிஸ் எண்ணை வைத்துத்தான் விழுப்புரத்தில் கண்டுபிடித்தோம். அப்போதுதான் தெரிந்தது, இரண்டாவதாக வாங்கிய டர்போ வேறொரு எஞ்சினுக்குரியது என்பது.

எண் தெரிந்த பின் வழிகள் சில உள. புத்தம் புதிய அசல் ஒன்று. விலை மிகுதி, கவலை குறைவு. நிறுவனமே புதுப்பித்துத் தருவது மற்றொன்று; பழையதைக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்குப் பெறலாம். இவ்வழி கிடைக்குமாயின் ஒற்றை லாரி உரிமையாளர்க்கு இதுவே நல்லது என்பது என் கருத்து. வெளிக்கூடுகள் நன்றாயிருந்து உள்ளிருக்கும் தண்டும் புஷ்களும் மட்டும் போயிருந்தால், நடுப்பகுதியை மட்டும் மாற்றலாம். கடையில் அதனைக் ‘கோர்’ என்றும் ‘காட்ரிட்ஜ்’ என்றும் சொல்வர். ஆனால் அது நிறுவனத்தாரால் சமன் செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். நொடிக்கு ஆயிரத்து அறுநூறு சுற்றுச் சுழலும் பொருளில் கடுகளவு எடை ஒருபுறம் மிகுந்தாலும் புஷ் தாங்காது. அதற்கென உள்ள எந்திரத்தில் வைத்துச் சமன் பார்க்காமல், புஷ்ஷையும் வளையத்தையும் மட்டும் வாங்கிச் சாலையோரத்தில் மாற்றிப் பூட்டுவது காசைக் கரியாக்குவதாகும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய டர்போவைப் பற்றிக் கேட்போர் பலர். கேபின் கதவும் பம்பரும் அங்கே வாங்கலாம், தவறில்லை. அவற்றின் பழுது கண்ணுக்குத் தெரியும். டர்போவின் பழுது உள்ளே இருக்கும். அதன் முந்தைய எஞ்சின் எவ்வாறு செத்தது என்பதை யார் சொல்வார்?

போலிப் பொருளை அறிவதற்குப் பெட்டியும் முத்திரையும் மட்டும் போதா. அவற்றையும் போலியாக அச்சிடுகின்றனர். தகட்டின் எழுத்துகள் மங்கலாகவோ கோணலாகவோ இருத்தல், வார்ப்பு சொரசொரப்பாயிருத்தல், தகட்டு எண்ணும் பெட்டி எண்ணும் ஒவ்வாமை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றினும் பெரிய அடையாளம் பில் தர மறுப்பதே. பாக எண்ணும் வரிசை எண்ணும் எழுதிய வரிப்பில் தருவோரிடமே வாங்குக.

2020க்குப் பிந்திய நிலை ஆறு வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு தனி எச்சரிக்கை. அவற்றுள் பலவற்றில் டர்போவோடு மின்னணுக் கட்டுப்பாடு பிணைந்திருக்கும். பூட்டிய பின் கணினிக் கருவியால் அதனை எஞ்சினோடு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அவ்வசதி இல்லாத பட்டறையில் மலிவு கருதிப் பூட்டினால், விளக்கு எரிந்து எஞ்சின் வலிமை குன்றி நிற்கும்.

பூட்டும் முறையில்தான் சிதம்பரத்து மேஸ்திரியின் பொறுமையைக் கண்டேன். புதிய டர்போவின் பெட்டியை அவர் மாலை வரை திறக்கவேயில்லை. முதலில் பழைய ஆயிலை வடித்து, பில்டரை மாற்றினார். ஆயில் குழாயைச் சுத்தம் செய்ய முற்படாமல் புதிதாகவே வாங்கிவரச் சொன்னார். உள்ளே ஒட்டிய கரி முழுவதும் போகாது, பாதி உதிர்ந்து புதிய டர்போவுக்குள்ளேயே போகும் என்றார். இன்டர்கூலரையும் குழாய்களையும் கழற்றிக் கழுவினார். உள்ளிருந்து அலுமினியத் துணுக்குகள் மூன்று வந்தன; உடைந்த சக்கரத்தின் இதழ்கள். அவற்றுள் ஒன்று எஞ்சினுக்குள் போயிருந்தால் டர்போ செலவோடு முடிந்திருக்காது. திரும்புகுழாயில் காற்று ஊதிப் பார்த்தார். ஆயில் குழாய் இணைப்பில் பசை தடவ முற்பட்ட பையனைத் தடுத்துப் புதிய பேக்கிங் வைத்தார். பசை பிதுங்கி உள்ளே விழுந்தால் ஆயில் துளையை அடைக்கும். இறுதியாக டர்போவின் ஆயில் வாயில் தூய ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினார். டீசல் வராமல் தடுத்து, ஆயில் அழுத்தம் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுழற்றினார். அதன் பின்னரே சாவி. ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பாகத் தடவிப் பார்த்தார்.

குழாயில் கரி ஏறியது ஏன் என்ற வினா எஞ்சியிருந்தது. மேஸ்திரி ஓட்டுநரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இறக்குமிடம் வந்ததும் வண்டியை எப்படி அணைப்பீர்கள்? மீன் வண்டிக்கு எப்போதும் அவசரம். ஏல நேரத்திற்குள் சேர வேண்டும் என்று விரட்டி வந்து, சந்தை வாயிலில் நின்றதும் சாவியைத் திருப்பிவிட்டு இறங்குவதே வழக்கம். எஞ்சின் நின்றதும் ஆயில் ஓட்டமும் நிற்கும். டர்போவோ நெருப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். அதனுள் தேங்கிய ஆயில் வெந்து கரியாகும். ஒரு நாளில் ஆவதன்று. நூறு முறை அணைத்தால் குழாய் அடைபடும். நின்றபின் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் டர்போ ஆறும். காலையில் கிளப்பியவுடன் ஆக்சிலேட்டரை உறுமவிடுவதும் அதே போன்ற தீங்கு. ஆயில் மேலே சேருமுன் தண்டு சுழலத் தொடங்கிவிடும். ஆயிலை உரிய கிலோமீட்டரில், உரிய தரத்தில் மாற்றாமல் மிச்சம் பிடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

உத்தரவாதம் பற்றியும் அறிந்திருத்தல் நலம். பெரும்பாலான உத்தரவாதங்கள் செய்முறைக் குறையை மட்டுமே ஏற்கும். ஆயில் வராமல் போனதாலோ, தூசி புகுந்ததாலோ நேர்ந்த அழிவை ஏற்பதில்லை. பழுதான டர்போவைப் பிரித்துப் பார்த்தே காரணம் முடிவு செய்வர். ஆதலின் பழுதானால் பட்டறையில் பிரிக்காமல் அப்படியே கொண்டு போக வேண்டும். ஆயில் மாற்றியதற்கான பில்லும் புதிய குழாய் வாங்கிய பில்லும் கையிலிருந்தால் வாதம் நமக்கு வலுவாகும்.

சட்டத்தின் துணையும் உண்டு. வணிகத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் வழக்குத் தொடர முடியாது என்று பலர் எண்ணி வாளாவிருக்கின்றனர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதற்கு முந்திய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே ஒரு விலக்கு அளிக்கிறது: சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காகவே ஒருவர் பொருளை வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கமாகக் கருதப்படாது. ஒற்றை லாரியை வைத்துப் பிழைப்பவர் இதன் துணையை நாடலாம். பல லாரிகள் வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனம் நாடுவது கடினம். புதிய சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். நம்மவர் கடலூர் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும்.

மாமா முறையிடவில்லை. முறையிடப் பில் இல்லை. இரண்டாவது டர்போவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனபோது, இஃது எங்கள் பொருளே அன்று என்று சொல்லிவிட்டனர். மூன்றாவது டர்போவுக்காக அத்தையின் வளையல்கள் இரண்டு அடகுக்குப் போயின. தவணைகள் பதினான்கும் தீர்ந்த பின்னரே அவை திரும்பின. விழுப்புரத்து விற்பனையாளர் பழைய டர்போக்களுள் முதலாவதை ஏற்றுக்கொண்டு விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார். இரண்டாவதைத் தொடவே இல்லை. நீளவாக்கில் அறுத்த அந்த ஆயில் குழாயை மேஸ்திரி தம் பட்டறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். டர்போ மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.